பழகச் சாகும் கன்றுகள்: நாற்பது

மெஹ்ரோலியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு அடியில்
நிலவறையில் என் மேசை.
மேலே பல்லை ராவுவார்கள்,
கீழே நான் ரசீதுகளை.

இரண்டாம் குழுவுக்கான மதிப்பீட்டை
பபீதா பென்சிலில் எழுதி அனுப்பியிருந்தாள்.
ஆள் இருபது. தொண்ணூறு நாள் தினக்கூலி.
கடப்பாரை பதினொன்று.
தோல் கையுறை இருபது ஜோடி,
இடக்கைக்கு மட்டும் கூடுதலாக ஏழு,
முள்ளைப் பிடிக்கிற கை அதுதான்.
கடைசி வரி:
பழகும்போது சாகும் கன்றுகள், நாற்பது.

குருகிராமிலிருந்து போன். நிதி தருகிற கம்பெனி.
பின்னால் காபி இயந்திரம் சீறுகிறது.
"கத்துக்கிறவனுக்கு எதற்குக் கூலி?
ஒரு ஹால் எடுங்கள். இரண்டு நாள், ஸ்லைடு,
சான்றிதழ், சமோசா.
இருநூறு பேர் என்று காட்டலாம்.
அப்புறம், சாகிற கன்றுக்கு
நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்?"

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட். மழை இரண்டு நாள் பெய்து மறந்துவிட்டிருந்தது.
ஆபீஸ் செருப்போடு பாறைக்காட்டில் ஏறினேன்.
விலாயதி கீக்கர், விலாயதி கீக்கர் என்று
நான்கு வருடமாகத் தட்டச்சு செய்த மரம்
கிட்டப் போனால்
நம் சீமைக்கருவேலம்.
பரமக்குடி ரோட்டில் பார்த்த அதே முகம்
இங்கே இந்தி பேசிக்கொண்டு.

முதல் குழுவில் ஒரு காசியம்மாள்.
நரேலாவிலிருந்து மூன்று பஸ்.
"இதை வெட்டிக் கரிமூட்டம் போட்டவ நான்.
வெட்டத் தெரியும் மேடம்,
கொல்லத்தான் தெரியல."

பபீதாவுக்கு இருபத்தாறு வயது. முட்டி போட்டுத் தோண்டினாள்.
தண்டு வேராகிற இடத்தில்
கழுத்துப்போல ஒரு வீக்கம்.
அதற்குக் கீழே அறுத்தால் கதை முடிந்தது.
நாலு விரல் மேலே அறுத்தால்
ஒன்று போய் முப்பது.
படம் போட்டுக் காட்டலாமே என்றேன், கம்பெனிக்காக.
அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக் குழிக்குள் விட்டாள்.
அங்கே கண் போகாது.
விரல் போயிற்று.

லால்சந்த், சீமைக்கருவேலம் என்று பிடுங்கியது வன்னி.
முளையில் இரண்டுக்கும் ஒரே ஜாடை.
பிடுங்கிய பிறகு உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நின்றான்.
ஃபூல்வதி புரசங்கன்றின் பையைக் கிழிக்கும்போதெல்லாம்
ஆணிவேர் அறுந்துவிடுகிறது.
பதினான்கு செத்திருந்தன.
பதினைந்தாவதை நட்டாள்,
யாரையும் பார்க்காமல் தண்ணீர் குடித்தாள்.
கூலி இல்லையென்றால்
மூன்றாவதோடு நின்றிருப்பாள்;
எங்காவது மாடி துடைக்கப் போயிருப்பாள்.

நிலவறைக்குத் திரும்பி எழுதினேன்:
'ஐயா, ஸ்லைடு மட்டும் பார்த்தவர்
உங்கள் பல்லைப் பிடுங்கலாமா?'
அடித்தேன்.
'பயிற்சிப் பொருள்கள், நாற்பது' என்று மாற்றினேன்.
அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

பதில் வந்தது.
பன்னிரண்டு பேருக்குக் கூலி உண்டு.
கையுறை ஜோடிக் கணக்கில் மட்டும்.
பயிற்சிப் பொருள்கள் என்றால் என்ன, விளக்கவும்.

அன்றைக்குக் காட்டில்
என் கையிலும் ஒரு ரம்பம் தந்திருந்தாள் பபீதா.
அரை மணி நேரம் அறுத்தேன்.
சரியான இடம் என்றுதான் நினைத்தேன்.
காசியம்மாள் எட்டிப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று போனில் ஒரு படம்.
என் குழி. அதில் ஒன்பது தளிர்,
பச்சைப் பசேலென்று, வெட்கமே இல்லாமல்.
கீழே பபீதா எழுதியிருக்கிறாள்:
இது உங்களுடையது, நாற்பதில் சேராது.

ஆடிட்டர் வியாழக்கிழமை வருகிறார்.
எந்தத் தலைப்பில் எழுத?
மேலே யாரோ வாயை அகலத் திறக்கிறார்கள்.